தரை விட்டுப்போனவர்கள்

பக்கத்துத் தெருவில் அம்மாவின் கூட்டாளி ஒருத்தி இறந்துபோனாள். மன்னார்குடிப் பக்கத்து வயல்களில் முப்பது வருடத்துக்கு மேல் இருவரும் பக்கம் பக்கமாகக் குனிந்து நடவு நட்டவர்கள். செய்தி வந்ததும் அம்மா கிளம்பிவிட்டாள். நூறு அடி தூரம்தான். சுவரைப் பிடித்து, என் தோளைப் பிடித்து, நின்று நின்று போய்ச் சேர இருபது நிமிடம் ஆயிற்று. அங்கே பெண்கள் தலைமாட்டில் வட்டமாகத் தரையில் உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவைக் கண்டதும் வட்டம் கொஞ்சம் விலகி ஓர் ஆளுக்கு இடம் விட்டது. அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு அவள் நின்றாள். அதற்குள் யாரோ பரிவோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து பந்தலடியில், ஆண்கள் இருந்த பக்கமாகப் போட்டார்கள். அம்மா அதில் உட்கார்ந்தாள். வட்டம் மறுபடி கூடிக்கொண்டது.

ராத்திரி படுக்கப் போகும்போது சொன்னாள்: “அவ தலமாட்டுல உக்காந்து அழக்கூட முடியல தம்பி. அசலூர்க்காரி மாதிரி போயிட்டு வந்துட்டேன்.”

மூட்டுவலியைப் பற்றி எப்போது யோசித்தாலும் எனக்கு இதுதான் முன்னால் வந்து நிற்கிறது. வலி எவ்வளவு, ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்று மருத்துவமனையில் கேட்பார்கள். அம்மா ஆறு என்பாள், ஏழு என்பாள். தரை கைவிட்டுப் போனதை எந்த எண்ணில் சொல்வது?

நம் ஊர்ப் பெண்களின் வாழ்க்கை பெரும்பாலும் தரையில் நடந்தது. அரிவாள்மனையில் காய் நறுக்குவது, முறத்தில் அரிசி புடைப்பது, வாசலில் கோலம் போடுவது, பூத்தொடுப்பது, பந்தியில் உட்காருவது எல்லாம் தரையில்தான். பிறந்த குழந்தையைக் கால்களை நீட்டி அதன்மேல் போட்டுக் குளிப்பாட்டுவதும் அப்படித்தான். எங்கள் தெருவில் எத்தனையோ குழந்தைகள் அம்மாவின் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையில் கிடந்து வெந்நீரில் கண்ணை மூடியிருக்கின்றன. கடைசிப் பேத்தி பிறந்தபோது அவளால் காலை நீட்டி உட்கார முடிந்தது, எழத்தான் இரண்டு பேர் வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு யாரும் அவளைக் குழந்தை குளிப்பாட்டக் கூப்பிடவில்லை.

சம்மணம் போடாதீர்கள், குத்துக்காலிடாதீர்கள், படி ஏறாதீர்கள், கீழே உட்காரும் கழிப்பறை வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். தேய்ந்த முழங்காலை அந்த அளவுக்கு மடக்கி உட்கார்ந்தால் அதன்மேல் விழும் அழுத்தம் பல மடங்கு கூடுகிறது. அவர் சொன்னதில் தவறே இல்லை. ஆனால் அந்த நான்கு வேண்டாம்களையும் கூட்டிப் பார்த்தால் அவளுடைய ஒரு நாளில் மிச்சம் எதுவும் இல்லை. எதைச் செய்யக் கூடாது என்று சீட்டில் எழுதிக்கொடுத்தார்கள். எதைச் செய்யலாம் என்று எழுதிக்கொடுக்க அந்த நெரிசலில் யாருக்கும் நேரமில்லை.

அந்தச் சீட்டில் இருந்த நோயின் பெயர் தேய்மானம். எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்து, இரண்டு எலும்புக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி குறைந்திருப்பதைக் காட்டியபோது அம்மாவுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. செருப்பு தேயும், கலப்பைக் கொழு தேயும், அம்மி தேயும். தேய்கிற பொருளைக் காப்பாற்ற வேண்டுமானால் புழங்கக் கூடாது. அன்றிலிருந்து அவள் காலைச் சேமிக்கத் தொடங்கினாள். கட்டிலில் உட்கார்ந்தாள். தண்ணீர் வேண்டுமென்றால் கூப்பிட்டாள். நடந்தால் மிச்சமிருப்பதும் போய்விடும் என்று நம்பினாள், நானும் நம்பினேன்.

அந்த ஒரு சொல் எவ்வளவு கெடுத்துவிட்டது என்பது எனக்குத் தெரியப் பல மாதங்கள் ஆயின. முழங்கால் செருப்பு அல்ல. எலும்பு முனையில் படர்ந்திருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான நீரிலிருந்துதான் அதற்கு ஊட்டம். காலை மடக்கி நீட்டும்போது, எடை ஏறி இறங்கும்போது, அது பஞ்சைப்போல் அழுந்தி விரிந்து அந்த நீரை வாங்கிக்கொள்கிறது. டெல்டாக்காரர்களுக்கு மடை என்று சொன்னால் புரியும். மடை திறந்து மூடினால்தான் வயலுக்குத் தண்ணீர் பாயும். அசையாத மூட்டு மடை அடைத்த வயல். தொடையின் முன்பக்கச் சதை ஒன்று இருக்கிறது, முழங்காலைத் தாங்குவதே அதுதான். சில வாரம் சும்மா உட்கார்ந்தாலே அது மெலியத் தொடங்கிவிடும். சதை மெலிந்தால் மூட்டின்மேல் சுமை கூடும், சுமை கூடினால் வலி கூடும், வலி கூடினால் இன்னும் உட்கார்வார்கள். படத்தில் மோசமாகத் தேய்ந்த மூட்டோடு சந்தைக்கு நடந்து போகிறவர்கள் இருக்கிறார்கள், படத்தில் பெரிதாக ஒன்றுமில்லாமலே படுத்துவிட்டவர்களும் இருக்கிறார்கள். 2022இல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு வெளியிட்ட வழிகாட்டியில் இந்த நோய்க்கு உடற்பயிற்சிதான் அடிப்படை வைத்தியம். வழக்கமான அறிகுறிகளோடு வருகிறவருக்கு எக்ஸ்ரேகூடத் தேவையில்லை என்கிறார்கள்.

தேய்மானம் புதிதாக வந்த சொல். நம்மிடம் இருந்த பழைய சொல் முடக்கு. முடக்கத்தான் கீரையை அரைத்து மாவில் கலந்து அம்மா தோசை வார்ப்பாள். முடக்கறுத்தான் என்பதுதான் அந்தக் கொடியின் முழுப்பெயர், முடக்கை அறுப்பது. கீரை அறுக்கிறதா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. பெயர் வைத்தவர் எதை நோய் என்று கண்டார் என்பதைத்தான் பார்க்கிறேன். முடங்கிப்போவதை அவர் நோய் என்றார், அறுபட வேண்டியது அந்த முடக்கம் என்றார். புதிய சொல்லோ முடங்கி உட்காரச் சொல்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் உலகம் முழுவதும் 52.8 கோடிப் பேருக்கு இந்தத் தேய்மான வாதம் இருந்தது. அவர்களில் பத்துக்கு ஆறு பேர் பெண்கள், முக்கால்வாசிப் பேர் 55 வயதைத் தாண்டியவர்கள். இத்தனை கோடிப் பேரில் நம் ஊர்களில் எத்தனை பேர் அந்தச் சொல்லைக் கேட்டே கட்டிலுக்குப் போனார்களோ!

இன்னொரு வாதமும் இருக்கிறது, அதை இதோடு போட்டுக் குழப்பக் கூடாது. எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு முடக்குவாதம். விரல் கணுக்கள் இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீங்கும். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கையை மூட முடியாது, டம்ளரைப் பிடிக்க முடியாது. அது உடம்பின் காவல்படையே மூட்டைத் தாக்குகிற நோய். பயிற்சியும் ஒத்தடமும் அதற்குத் துணைதான். அடக்குகிற மருந்தைச் சீக்கிரமே தொடங்கினால்தான் மூட்டு கோணாமல் தப்பும். அவர் சாப்பிடும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடும் மாத்திரை. தினமும் போட்டுவிட்டால் ரத்த அணுக்களே குறைந்து உயிருக்கு ஆபத்து. படிக்கத் தெரியாத ஒருவர் கையில் அப்படியொரு மாத்திரை அட்டையைக் கொடுத்து அனுப்பிவிட்டால் வைத்தியம் முடிந்துவிடுமா? அவர் வீட்டுத் தினசரிக் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைத் தாள்களில் மட்டும் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டிருக்கும். வீடு தேடி மாத்திரை கொடுக்க வரும் பெண் போட்ட வட்டம் அது. அந்த நோயில் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய வீட்டு உதவி அதுதான்.

எங்கள் வீட்டில் அப்படி வட்டம் போட ஆள் இல்லாத காலத்தில் ஒன்று நடந்தது. 2006இல் சிக்குன்குனியா வந்து ஊரே மூட்டைப் பிடித்துக்கொண்டு நடந்த வருடத்தில் அம்மாவுக்கு வலி மாத்திரை பழக்கமாயிற்று. பிறகு காய்ச்சல் போயிற்று, மாத்திரை நின்றது. தேய்மானம் என்று சொன்ன பிறகு மறுபடி தொடங்கினாள். மருந்துக்கடையில் ‘முட்டி வலிக்கு’ என்று கேட்டால் மூன்று மாத்திரையைக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். சீட்டு கேட்கமாட்டார்கள், பிரஷர் இருக்கிறதா என்று கேட்கமாட்டார்கள். டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் ரத்த அழுத்தத்தை ஏற்றும், வயதானவர்களின் சிறுநீரகத்தைப் பாதிக்கும், வயிற்றைப் புண்ணாக்கும். மடித்த காகிதத்தில் சில சமயம் ஸ்டீராய்டும் இருக்கும். அன்றைக்கு வலி பறந்துபோகும், எலும்பு உள்ளுக்குள் பொத்துப்போகும். ஒரு நாள் அம்மாவுக்குத் தலைசுற்றல். இரண்டு நாளாக மலம் கறுப்பாகப் போவதை வெட்கப்பட்டு அவள் யாரிடமும் சொல்லவில்லை. வயிற்றுப் புண்ணிலிருந்து ரத்தம் கசிந்திருக்கிறது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிவந்தோம். வலி மாத்திரை இனி கிடையாது என்றார்கள். வேறு என்ன இருக்கிறது என்ற கேள்வி அப்போதுதான் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

மருத்துவமனையில் இருக்கிறதுதான். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்றே ஒரு புறநோயாளிப் பிரிவை 1978இல் தொடங்கிய டாக்டர் வி.எஸ். நடராசனின் பெயரைத் தமிழில் உடல்நலக் கட்டுரை படிக்கிறவர்கள் அறிவார்கள். கிண்டியில் முதியோருக்காகவே 200 படுக்கைகளோடு தேசிய மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டது. நல்ல காரியங்கள். ஆனால் முழங்கால் போனவருக்கும் மருத்துவமனைக்கும் நடுவில் பேருந்தின் படிக்கட்டு இருக்கிறது. 2021இலிருந்து நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அம்மா அதில் ஒரு தடவைதான் போனாள். முதல் படி அவள் முழங்காலுக்குச் சமமாக இருந்தது. கம்பியைப் பிடித்து, பின்னால் நின்றவர் தூக்கிவிட்டு, ஏறி உட்கார்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. திரும்ப ஆட்டோவுக்கு நானூறு ரூபாய். வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்கு வாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். வலிக்கு வைத்தியம் செய்யப் போகிற வழியே வலி.

இந்த வைத்தியம் வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் அந்தப் படி. 2021 ஆகஸ்டு 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கினார்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டில் கொண்டுவந்து கொடுப்பதுதான் வெளியே பெரிதாகத் தெரிந்தது. அதற்குள்ளேயே படுக்கையில் கிடப்பவர்களுக்கு வலி தணிக்கும் கவனிப்பும், நடமாட முடியாதவர்களுக்குப் பிசியோதெரபியும் இருந்தன. மாத்திரை கொண்டுவருபவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண்கள், அதே தெருக்களில் வாழ்கிறவர்கள். யார் வீட்டில் யார் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். எதிர்வீட்டுக்கு வந்த பெண்தான் எங்கள் வீட்டையும் எழுதிக்கொண்டு போனாள்.

பிசியோதெரபி செய்யும் பெண் வந்த முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கருவியோ மின்சார ஒத்தடமோ கொண்டுவருவாள் என்று எதிர்பார்த்தோம். தோள்பையில் ஓர் அளவுநாடாதான் இருந்தது. அம்மாவின் காலை அவள் உடனே தொடவில்லை. “உங்க வீட்டச் சுத்திக் காட்டுங்கம்மா” என்றாள். அம்மா எழுந்தாள். கட்டிலிலிருந்து எப்படி எழுகிறாள், எந்தக் கையை ஊன்றுகிறாள், நிலைப்படியை எப்படித் தாண்டுகிறாள், கொல்லைக்கு இறங்கும் இரண்டு படியில் எந்தக் காலை முதலில் வைக்கிறாள் என்று பின்னாலேயே போய்ப் பார்த்தாள். மருத்துவமனையில் எந்த டாக்டருக்கும் எங்கள் கொல்லைப்படி தெரிந்திருக்க நியாயமில்லை. அம்மாவின் நோயில் பாதி அந்தப் படியில்தான் இருந்தது.

ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது வலிக்கிற கால் முன்னால். அம்மா இத்தனை நாளும் மாற்றிச் செய்துகொண்டிருந்தாள். வலது முட்டிதான் அதிகம் வலிக்கிறது என்றால் கம்பு இடது கையில் இருக்க வேண்டும். அவளோ வலது கையில் பிடித்து வலது பக்கமே சாய்ந்து நடந்தாள். கட்டில் தாழ்வாக இருந்தது. நான்கு காலுக்கும் அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தச் சொன்னாள். எழுவது அன்றைக்கே பாதி எளிதாயிற்று. கழிப்பறையில் சுவரோடு ஒரு கைப்பிடி, கோப்பையின் மேல் போட நடுவில் ஓட்டை வைத்த ஒரு நாற்காலி. எல்லாமாக, நாங்கள் ஒரு மாதம் ஆட்டோவுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

கிளம்பும்போது அம்மாவைத் தனியாக அழைத்து ஒன்று கேட்டாள்: “ராத்திரி எந்திரிக்கணுமேன்னு சாயங்காலத்திலேர்ந்து தண்ணி குடிக்காம இருக்கீங்களா?” அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். இருட்டில் குத்துக்காலிட்டு உட்கார முடியாது, விழுந்துவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்ற பயத்தில் மாலை ஐந்து மணிக்குமேல் அவள் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. மூன்று வருடமாக. ஒரே வீட்டில் இருக்கிற எனக்கு அது தெரியாது. அடிக்கடி வந்த சிறுநீர்க் கடுப்பையும் கோடையில் வந்த மயக்கத்தையும் நாங்கள் வயசு என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

பயிற்சிகள் மிகச் சாதாரணமானவை. காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழே அழுத்தித் தொடைச் சதையை இறுக்கி மெல்லப் பத்து எண்ணும்வரை வைத்திருந்து விடுவது. நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நேராக நீட்டிப் பிடிப்பது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. முதல் வாரம் வலி கொஞ்சம் கூடத்தான் செய்யும், மறுநாளுக்குள் அடங்கினால் பயப்பட வேண்டாம், அடங்காவிட்டால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தாள். அதைச் சொல்லாமல் போயிருந்தால் இரண்டாம் நாளே அம்மா நிறுத்தியிருப்பாள்.

பத்து எண்ணச் சொன்னபோது அம்மா “லாபம், ரெண்டு, மூணு…” என்று தொடங்கினாள். களத்தில் மரக்காலால் நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள். அந்தப் பெண்ணுக்கு அது புதிது. மறுவாரத்திலிருந்து அவளும் லாபம் என்றே எண்ணினாள்.

உடம்பின் எடையையும் பேசினாள். ஒரு கிலோ குறைந்தால் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை நான்கு கிலோ குறையும் என்ற கணக்கு அம்மாவுக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் மூன்று வேளையும் அரிசி தவிர வேறு வழியில்லாத தட்டில் எடையைக் குறைப்பது சொல்வதுபோல் இல்லை. அதில் நாங்கள் அதிகம் முன்னேறவில்லை.

என் தவறு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அம்மாவை நன்றாக வைத்திருக்கிறேன் என்று நினைத்து அவளிடமிருந்து ஒவ்வொரு வேலையாகப் பிடுங்கியவன் நான். அரிவாள்மனையைப் பரண்மேல் ஏற்றினேன். வாசல் தெளிக்க ஆள் வைத்தேன். ‘நீங்க சும்மா உக்காருங்க’ என்பதை அன்பு என்று எண்ணிச் சொன்னேன். அந்தப் பெண் மேசைமேல் பலகை வைத்து, உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, கத்தியால் காய் நறுக்க அம்மாவைப் பழக்கினாள். நறுக்குகிற பெண்ணின் கால் ஒரு மணி நேரத்துக்கு நான்கு தடவையாவது எழுந்து உட்காரும், அதுவும் பயிற்சிதான் என்றாள். வாழைப்பூ ஆய்ந்து கொடுத்த அன்று அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். உதவி செய்கிறோம் என்று ஒருவரின் வேலையை வாங்கிக்கொள்வதும் முடக்குதான்.

அறுவைச் சிகிச்சையை நான் மறுக்கவில்லை. மூட்டு முற்றிலும் போனவர்களுக்கு அது பெரிய விடுதலை. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுக்கு விலை வரம்பு வைத்த பிறகு அதன் விலையும் வெகுவாக இறங்கியது. ஆனால் மாற்றிய மூட்டோடு வீட்டுக்கு வருகிறவருக்கும் அதே துண்டு, அதே நாற்காலி, அதே எண்ணிக்கைதான். புது மூட்டும் தரையில் உட்காரப் பெரும்பாலும் இடம் கொடுப்பதில்லை.

ஒரு வட்டாரத்தில் எத்தனை ஊர்கள், எத்தனை முழங்கால்கள்? அத்தனைக்கும் வட்டாரத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் என்ற கணக்கு காணாது. அவர் எவ்வளவு ஓடினாலும் ஒரு வீட்டுக்கு மாதத்தில் ஒன்றிரண்டு நாள்தான் வர முடியும். முழங்காலுக்கோ தினமும் ஆள் வேண்டும். மாத்திரை கொண்டுவரும் பெண்களுக்கே இந்த நான்கைந்து பயிற்சியையும் கம்பு பிடிக்கும் முறையையும் கற்றுக்கொடுத்து, அதற்கு உரிய சம்பளத்தையும் கூட்டிக்கொடுத்தால் என்ன? அவர்கள் எப்படியும் அந்த வாசலுக்கு வருகிறவர்கள். பத்து நிமிடம் கூட உட்கார்ந்து எண்ணுகிற ஒரு குரல்தான் இதில் மருந்து. எங்கள் வீட்டில் அந்தக் குரல் பெரும்பாலும் என் மனைவியுடையது. அவளுக்கும் ஐம்பத்திரண்டு வயதாகிறது. அம்மாவைத் தூக்கி உட்காரவைத்த வருடங்களில் அவளுடைய இடுப்பு என்ன ஆனது என்று யாரும் ஒன்றிலிருந்து பத்துக்குள் கேட்டதில்லை. இப்போது இருவரும் எதிரெதிரே நாற்காலி போட்டுச் சேர்ந்தே எண்ணுகிறார்கள்.

அம்மாவின் வலி போய்விடவில்லை. மழைக்கு முந்தின நாள் தனக்குத் தெரிந்துவிடுகிறது என்கிறாள். ஆறு, ஏழு என்று சொன்னவள் இப்போது நாலு என்கிறாள், சில நாள் ஐந்து. இடது கையில் கம்போடு தெருமுனைவரை போய்வருகிறாள். தரையில் உட்கார முடியவில்லை, இனியும் முடியாது.

போன மாதம் அந்தக் கூட்டாளியின் தலைத்திவசம். அம்மா நடந்தே போனாள், எட்டு நிமிடம். எங்கள் தெருவில் வண்டி ஏற்றச் சாய்தளம் வேண்டுமென்று எல்லோரும் திண்ணையை இடித்துவிட்டோம். அந்த வீட்டில் இன்னும் பழைய திண்ணை நிற்கிறது. யாரோ வழக்கம்போல் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கினார்கள். அம்மா வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுத் திண்ணைக்குப் போனாள். சரியாக அவள் முழங்கால் உயரம். கம்பைச் சுவரில் சாத்தி, மெல்ல உட்கார்ந்து, முந்தானையால் பக்கத்தில் இருந்த தூசியைத் தட்டினாள். உள்ளே தரையில் இருந்த பெண்களில் ஒருத்தி எழுந்து வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தாள். பிறகு இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் திண்ணையில் இடமில்லாமல் நெருங்கி உட்கார்ந்தார்கள். நடுவில் இருந்த அம்மாவின் தோளில் இரண்டு பக்கமும் கைகள் இருந்தன.